கார்த்திகை மழையில் பெரியாறு காட்டில் கூடாரம்: என்னென்ன பார்க்க வேண்டும்?

வைகைக்கரை:
மதுரையிலிருந்து நாலு பேர், கார்த்திகை இரண்டாம் வாரம் தேக்கடி கிளம்புகிறோம். பெரியாறு தேசியப் பூங்காவுக்குள் ஓரிரவு கூடாரத்தில் தங்க வேண்டும். மறுநாள் இரவு சுருளிப்பட்டியில் சித்தப்பாவின் திராட்சைத் தோட்டம். ‘நாலு பேருக்கு’ என்று எழுதிய கூடாரம் ஒன்று இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை. அதைக் காட்டுக்குள் கொண்டுபோகலாமா? மழைக்கும் அட்டைக்கும் என்ன ஏற்பாடு?

கம்பம்மெட்டு:
சொந்தக் கூடாரம் காட்டுக்குள் ஆகாது தம்பி. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், தீ மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு நம் பக்கமும் கெடுபிடி அதிகம். கேரள வனத்துறை நடத்தும் ‘பெரியாறு டைகர் டிரெயில்’தான் முறையான வழி. ஓரிரவு, ஈரிரவு என்று இரண்டு வகை. கூடாரம், படுக்கைப்பை, சாப்பாடு அவர்களுடையது. காவலர் துப்பாக்கியோடு வருவார். வழிகாட்டிகளில் பலர் ஒருகாலத்தில் இதே காட்டில் திருட்டுத்தனமாக வயணப்பட்டை (இலவங்கப்பட்டை போன்ற காட்டு மரப்பட்டை) உரித்தவர்கள். தடம் பார்ப்பதில் அவர்களுக்கு நிகர் கிடையாது. இடம் மிகக் குறைவு, முதலில் முன்பதிவு, பிறகு மற்றதெல்லாம். மழை எச்சரிக்கை வந்தால் ரத்தாகலாம், ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரப்பாளையத்தில் குமுளி பஸ் ஏறினால் சாதாரண நாளில் நாலு மணி நேரம். கார்த்திகை சபரிமலை சீசன். ஐயப்பமார் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிக் குமுளி வழியாக இறக்குவார்கள். முதல் நாள் மாலையே குமுளி சேர்ந்துவிடுவது உத்தமம்.

மழைக்கூடாரம்:
தோட்டத்துக்கு அந்தக் கூடாரம் போதும், ஆனால் இருவருக்குத்தான் வசதி. ‘நாலு பேர்’ என்பது தோளோடு தோள் ஒட்டிப் படுக்கும் கணக்கு, பைக்கு இடம் கிடையாது. இன்னொன்று இரவல் வாங்குங்கள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மொட்டை மாடியில் விரித்து, ஓஸ் பைப்பில் இருபது நிமிடம் தண்ணீர் அடியுங்கள். ஒழுகினால் பெரும்பாலும் மூலைத் தையலிலும் ஜிப்பின் மேல்முனையிலும்தான். துணியை நன்றாகக் காயவைத்து, உட்புறத் தையல் மேல் சீம் சீலர் (தையல் துளையை அடைக்கும் பசை) தடவி ஒரு நாள் விடுங்கள்.

மேல்விரிப்பு உள்துணியைத் தொடக்கூடாது. தொட்ட இடத்தில் ஈரம் இறங்கும். மழையில் நனைந்த நைலான் தளர்ந்து தொங்கும் என்பதால் படுக்கப் போகும் முன் கயிறுகளை ஒருமுறை இழுத்துக் கட்ட வேண்டும். எல்லோரும் செய்யும் தவறு, அடியில் போடும் தார்ப்பாய் கூடாரத்தைவிடப் பெரிதாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. மேலே வழியும் தண்ணீரை அது வாங்கி நேராக முதுகுக்கு அடியில் கொண்டுவரும். நான்கு பக்கமும் நாலு விரல் உள்ளே மடித்துவிடுங்கள். காலையில் உள்சுவர் நனைந்திருந்தால் ஒழுகல் என்று பயப்பட வேண்டாம், மூச்சுக்காற்று ஈரம் அது. குளிருக்குப் பயந்து காற்றுத்துளையை அடைத்தால் இன்னும் மோசமாகும்.

இந்தப் பருவத்தில் மலையில் மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும். இரண்டு மணிக்குள் கூடாரம் நின்றிருக்க வேண்டும். பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது, உடல் சூட்டையும் உறிஞ்சும். இரவுக்கு ஒரு செட் உலர்ந்த துணி, கெட்டியான பாலிதீன் பைக்குள்; என்ன ஆனாலும் அதைப் பகலில் பிரிக்காதீர்கள்.

தேனி செவிலி:
அட்டைக்கு: இறுக்கமாக நெய்த அட்டை சாக்ஸ், பேண்ட் மேல் முழங்கால்வரை. மூக்குப்பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து ஷூ மேல் தடவுவது நம் ஊர்ப் பழக்கம், மழையில் கரைந்துவிடும், திரும்பத் தடவணும். கடித்த அட்டையைப் பிடுங்காதீர்கள். வாய் ஒட்டிய இடத்தில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் செய்யும் பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் கொஞ்ச நேரம் கசியும்; சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

அட்டையைவிட நான் பயப்படுவது கண்ணுக்கே தெரியாத உண்ணிக்கு. அதன் கடியால் வரும் உண்ணிக் காய்ச்சல் மழை, குளிர் மாதங்களில்தான் அதிகம். புல்லில் வெறுமனே உட்காராதீர்கள், துணியைப் புதரில் காயப்போடாதீர்கள். ஊர் திரும்பி மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் காட்டுக்குப் போனதைச் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு மடிப்புகளில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளினில் குணமாகும்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. தோட்டத்தில் பந்தலுக்கு அடியில் போடலாமா? களம் இருக்கிறது, ஆனால் சிமெண்டுத் தரை.

கம்பம்மெட்டு:
பந்தல் வேண்டாம். மழைக்காலத்தில் சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பலுக்கும் அடிக்கடி மருந்தடிப்பார்கள், மழை பெய்தால் இலையிலிருந்து சொட்டுவது அந்த மருந்துதான். களமே நல்லது, மேட்டில் இருக்கும், தண்ணீர் தேங்காது. முளைக்குப் பதில் இருபது லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பி மூலைக்கு ஒன்றாகக் கயிறு கட்டுங்கள். மேகமலைக் காடு பக்கத்தில், யானை இறங்கும் ஊர் அது. பழம், வெல்லம், கடலைமிட்டாய் எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக்கூடாது. அன்று இரவு யானை நடமாட்டம் உண்டா என்று சித்தப்பாவிடமும் காவல்காரரிடமும் கேளுங்கள், உண்டென்றால் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்ளுங்கள்.