தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள பூட்டு இல்லாத மடக்குக் கத்தி: எதை வாங்கலாம்?

பூசணிக்கொடி எழுதியது:

வணக்கம். லண்டனில் இருக்கிறேன். கவுன்சில் கொடுத்த அலாட்மென்ட் நிலத்தில் பீன்ஸ், வெந்தயக்கீரை, பூசணி என்று ஏதோ போட்டுக்கொண்டிருக்கிறேன். சணல் கயிறு அறுக்க, உரச் சாக்கு பிரிக்க, நடுவில் ஒரு ஆப்பிள் நறுக்கிச் சாப்பிட, வீட்டுக்கு வந்தால் பார்சல் பெட்டியைக் கிழிக்க என்று எப்போதும் பாக்கெட்டிலேயே இருக்கிற மாதிரி ஒரு கத்தி வேண்டும். ஓபினெல் என்கிற பிரெஞ்சு மடக்குக் கத்தியில் 8-ம் எண் வாங்கலாம் என்று இருந்தேன், அதைத் தெருவில் கொண்டுபோனால் சட்டச் சிக்கல் என்று நண்பர் ஒருவர் பயமுறுத்திவிட்டார். உண்மையா? பழைய பாணியில், எலும்பு அல்லது மரக் கைப்பிடி போட்ட பேனாக்கத்திகள்தான் பிடிக்கும். கறுப்பாக, ராணுவத்துக்குச் செய்ததுபோல இருக்கிற நவீன கத்திகள் வேண்டாம், பக்கத்தில் இருப்பவர்கள் மிரண்டுபோவார்கள். 60 பவுண்டு வரை செலவழிக்கலாம். கார்பன் ஸ்டீலா ஸ்டெயின்லெஸ்ஸா, ஒரு அலகா மூன்றா என்றுதான் குழப்பம். அமெரிக்காவின் கிரேட் ஈஸ்டர்ன் கம்பெனி செய்கிற கத்திகளின் படங்களைப் பார்த்து நாக்கு ஊறுகிறது, ஆனால் எங்கே தேடினாலும் ஸ்டாக் இல்லை.

சாணைக்கல் எழுதியது:

நண்பர் சொன்னது சரி. இங்கிலாந்தில் 1988-ம் ஆண்டு குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139-வது பிரிவுப்படி, காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரே கத்தி மடக்கும் பாக்கெட் கத்திதான், அதுவும் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. திறந்ததும் பூட்டிக்கொள்கிற கத்தியை நீதிமன்றங்கள் இந்தச் சலுகைக்குள் சேர்ப்பதில்லை, ஏனென்றால் பூட்டை விடுவிக்காமல் அதை மடக்க முடியாது. ஓபினெல் 8-ன் அலகு எட்டரை செ.மீ., கழுத்தில் பூட்டு வளையம் வேறு, ஆக இரண்டு வகையிலும் அடிபடுகிறது. 6-ம் எண் நீளத்தில் தப்பித்தாலும் வளையம் இருக்கிறது. 2 முதல் 5 வரைதான் வளையம் கிடையாது.

தோட்டத்துக்குப் போகிற வழியில் பூட்டுக் கத்தி வைத்திருந்தால் அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது என்று வாதாடலாம். அதே கத்தி பாக்கெட்டில் கிடக்க மாலையில் கடைத்தெருவுக்குப் போனால் அந்தக் காரணம் எங்கே போயிற்று? நிரூபிக்கிற பாரமும் உங்கள் தலையில்தான். அதனால் ஸ்லிப்ஜாயின்ட்டே எடுங்கள். அதில் பூட்டு கிடையாது, முதுகில் இருக்கிற ஸ்பிரிங் அலகின் அடிப்பாகத்தை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது, கொஞ்சம் பலமாகத் தள்ளினால் மடங்கிவிடும். எந்தக் கத்தியாக இருந்தாலும் ஆயுதமாக வைத்திருக்கிறேன் என்று வாயைவிட்டுச் சொன்னால் 3 அங்குலக் கணக்கு காப்பாற்றாது, அதையும் நினைவில் வையுங்கள்.

வாங்கும்போது பெயரைவிட ஸ்பிரிங்கைப் பாருங்கள். நகம் வைக்கிற பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தால் சிரமமில்லாமல் வர வேண்டும், அதே சமயம் முழுதும் திறந்ததும் 'டக்' என்று உட்கார வேண்டும். நகம் பெயர்கிற அளவுக்கு இறுக்கமாக இருந்தால், அழகாக இருக்கிறதே என்று வாங்கி வந்தாலும் பத்து நாளில் மேசை இழுப்பறைக்குப் போய்விடும். ரொம்பத் தளர்வாக இருந்தால் பாக்கெட்டுக்குள்ளேயே திறந்துகொள்ளும். திறந்த நிலையில் அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கவே கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஸ்பிரிங்குக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி தெரியக் கூடாது. சில கத்திகள் மடக்கும்போது பாதி வழியில், 90 டிகிரியில் ஒருமுறை நின்று பிறகு மடங்கும். சிலருக்கு அது எரிச்சல். எனக்குப் பிடிக்கும், விரலுக்கு ஒரு எச்சரிக்கை கிடைக்கிறது.

கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து நகரம் ஷெஃபீல்டில் இன்னும் கையால் செய்கிறார்கள், உங்கள் பட்ஜெட்டுக்குள்ளேயே கிடைக்கும். அங்கே 'லாம்ப்ஃபுட்' என்று ஒரு அலகு வடிவம் உண்டு: விளிம்பு நேராக ஓடும், முதுகு முனையை நோக்கிச் சாய்ந்து இறங்கும், குத்துகிற கூர்முனை கிடையாது. கயிறு அறுக்கிற வேலைக்கு அதுதான் என் ஓட்டு. ஒன்று மட்டும், ஷெஃபீல்டில் கைவேலை கத்திக்குக் கத்தி மாறும், முடிந்தால் நேரில் திறந்து பார்த்து வாங்குங்கள்.

எருமைக்கொம்பு எழுதியது:

நான் பென்சில்வேனியாவில் இருக்கிறேன், கேஸ் கம்பெனியின் பிராட்ஃபோர்டும் கிரேட் ஈஸ்டர்னின் டைட்டஸ்வில்லும் இதே மாநிலம்தான், அதனால் கொஞ்சம் ஊர்ப் பாசத்தோடுதான் பேசுவேன். கிரேட் ஈஸ்டர்னை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கத்தி அருமை, சந்தேகமில்லை, ஆனால் சின்னச் சின்னத் தொகுதிகளாகச் செய்கிறார்கள், வந்த வேகத்தில் தீர்ந்துவிடும், அப்புறம் கைமாறி வரும்போது விலை ஏறிவிடும். அந்த விலைக்கு வாங்கிவிட்டு உரச் சாக்கைக் கிழிக்க மனம் வராது.

கேஸ் கம்பெனியில் மீடியம் ஸ்டாக்மேன் என்கிற மூன்று அலகுக் கத்தியைப் பாருங்கள். 6318 என்று எண் இருந்தால் 6 என்பது எலும்புக் கைப்பிடி, 3 என்பது அலகுகள், 18 என்பது மாடல். மூன்று அலகுக்கும் தனித்தனி வேலை கொடுக்கலாம், பழத்துக்கு ஒன்று, அழுக்கு வேலைக்கு ஒன்று, மூன்றாவது எப்போதும் கூராக இருக்கும். டிராப்பர் மாடலைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், அதன் அலகு 3 அங்குலத்தைத் தாண்டும், உங்கள் ஊருக்கு ஆகாது.

சாணைக்கல் எழுதியது:

மூன்று அலகு என்பது கடையில் பார்க்கத்தான் நன்றாக இருக்கும். பருமன் கூடும், ஒன்றின் நகப்பள்ளத்தை இன்னொன்று பாதி மறைக்கும், ஈரக் கையோடு தோட்டத்தில் நின்று அதைப் பிரிக்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது? அந்த மூன்றாவது அலகு எப்போதும் கூராக இருப்பதற்குக் காரணம் அதை யாரும் திறப்பதே இல்லை.

எருமைக்கொம்பு எழுதியது:

அண்ணா, நான் திறக்கிறேன் :)

சும்மாஇரு எழுதியது:

கயிறு அறுக்க 60 பவுண்டா? விக்டோரினாக்ஸ் அலாக்ஸ் கேடட் (அலாக்ஸ் என்றால் அலுமினியக் கைப்பிடி) வாங்கிப் போடுங்கள், வேலை முடிந்தது. 84 மி.மீ. நீளம், பாக்கெட்டில் இருப்பதே தெரியாது, ஸ்டெயின்லெஸ், ஸ்பிரிங் ஒவ்வொரு கத்தியிலும் ஒரே மாதிரி இருக்கும். அதுவும் ஸ்லிப்ஜாயின்ட்தான், சிவப்பு பிளாஸ்டிக் இல்லை என்பதால் பார்க்கவும் கௌரவமாக இருக்கும். சாக்கில் ஓட்டை போட வேண்டும் என்றால் 93 மி.மீ. பயனியர் எடுங்கள், அதில் துளையிடும் ஊசி தனியாக இருக்கிறது. இது முக்கியம், ஏனென்றால் பூட்டு இல்லாத அலகின் முனையால் குத்தித் துளைக்கப் பார்த்தால் விரல் மேலேயே மடங்கும். 111 மி.மீ. பெரிய மாடல்களில் பலவற்றுக்குப் பூட்டு உண்டு, அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பூசணிக்கொடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கேடட் நியாயமான யோசனைதான், ஆனால் அலுமினியத்தைக் கையில் பிடித்தால் எனக்கு ஒட்டவில்லை, ஜனவரியில் இன்னும் மோசம். ஒற்றை அலகு, லாம்ப்ஃபுட், மரக் கைப்பிடி என்று முடிவுக்கு வந்துவிட்டேன். அந்த வகையில் கார்பன் ஸ்டீல்தான் அதிகம் கண்ணில் படுகிறது. துருப் பிடித்துத் தொல்லை கொடுக்குமா? தேங்காய் எண்ணெய் போட்டால் போதுமா?

வேலணைக்காற்று எழுதியது:

அண்ணை, தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், லண்டன் குளிரில் மூட்டுக்குள்ளே கட்டியாக நிற்கும். நாள்பட்டால் சமையல் எண்ணெய் எதுவுமே பிசுபிசுத்து, பாக்கெட் பஞ்சை இழுத்து வைத்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு மூட்டில் விட்டு, பத்துத் தரம் திறந்து மூடி, வெளியே வருகிற கறுப்பைத் துடைத்துவிடுங்கோ. பழம் வெட்டுகிற அலகில் மட்டும் உணவுக்கு ஆகிற மினரல் ஆயில் பூசலாம்.

கார்பன் கறுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆப்பிளும் எலுமிச்சையும் பட்டு வருகிற சாம்பல்-நீல நிறம் துரு இல்லை, அது படிந்தபின் செந்துரு கொஞ்சம் குறையும். கெடுப்பது ஈரத்தோடு மடக்கி வைப்பதுதான். வெட்டி முடித்ததும் சட்டையிலேயே துடைத்துவிட்டு மடக்குங்கோ. புதிதாக இருக்கும்போது ஆப்பிள் துண்டில் லேசாக இரும்பு வாசம் அடிக்கும், எனக்கு அது பிடிக்காது, அதனால் நான் பழத்துக்கு ஸ்டெயின்லெஸ்தான். ஊருக்குப் போகும்போது பெட்டியில் போடுங்கோ, சென்னை விமான நிலையத்தில் கைப்பையில் இருந்தால் வாங்கி வைத்துவிடுவார்கள்.

சாணைக்கல் எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்று: மண் புகுந்துவிட்டால் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு மூட்டைத் திறந்து மூடிக் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகு எண்ணெய் விடுங்கள். மரக் கைப்பிடியை ஊறப்போட வேண்டாம். லாம்ப்ஃபுட்டின் விளிம்பு நேராக இருப்பதால் தீட்டுவதும் சுலபம், கல்லில் பக்கத்துக்கு 20 டிகிரி போல வைத்து ஒரே சீராக இழுத்தால் போதும். கல் இல்லாத நாளில் காபிக் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு பூசாமல் சொரசொரப்பாக இருக்கிற வளையத்தில் நாலு இழுப்பு இழுத்தாலே சணல் கயிறு தயங்காமல் அறுபடும்.