டப்பா அழகுதான், பிஸ்கட்தான் நமுத்துப் போச்சு

வீட்டில் சுட்ட பிஸ்கட், கேக்கைப் பரிசாகக் கட்டிக் கொடுக்கப்போய் போன பண்டிகைக்கு நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் அனுபவத்தை நீங்கள் சொல்லுங்கள். 14 வீடுகளுக்குப் பரிசு. ஒவ்வொரு டப்பாவிலும் பட்டர் பிஸ்கட், பிரவுனி, எலுமிச்சை கேக் மூன்றும் இருக்கவேண்டும் என்று ஆசை. வரிசையாக அடுக்கி, கண்ணாடித் தாள் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டிப் படமும் எடுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் தோழி போன் செய்தாள். "பிரவுனி பிரமாதம்டி" என்றாள். பிஸ்கட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. நானாகக் கேட்டதும், "அது கொஞ்சம்... நமுத்துப் போச்சு" என்று இழுத்தாள்.

வீட்டில் மிச்சமிருந்த டப்பாவைத் திறந்து ஒன்றை உடைத்தேன். 'படக்' என்ற சத்தமே இல்லை. வளைந்து கொடுத்து, பிறகுதான் பிரிந்தது. எலுமிச்சை வாசனை வேறு! கேக்கிலும் பிரவுனியிலும் ஈரம் அதிகம், பிஸ்கட்டில் மிகக் குறைவு. மூடின டப்பாவுக்குள் அந்த ஈரம் மெல்ல மெல்லப் பிஸ்கட்டுக்கு ஏறிவிடும். பிஸ்கட் நமுக்கும், கேக்கின் ஓரம் காயும். இப்போதெல்லாம் மொறுமொறுப்பானவை தனி டப்பா, மெத்தென்று இருப்பவை தனி டப்பா. சேர்த்தே தர வேண்டுமானால், ஒவ்வொரு வகையையும் தனிக் கவரில் காற்றுப் புகாமல் ஒட்டிய பிறகுதான் உள்ளே வைக்கிறேன்.

* * *

அக்கா, உங்களுக்காவது மூன்றாம் நாள். எனக்குக் கையோடு மானம் போனது. விருந்துக்குக் கிளம்பும் அவசரத்தில் கப்கேக்கைச் சூடு ஆறுவதற்குள் கவரில் போட்டுவிட்டேன். போய்ச் சேருவதற்குள் கவரின் உட்புறம் முழுக்க முத்து முத்தாக நீர். மேல்பக்கம் பிசுபிசுத்து, வாழ்த்து அட்டையின் மை கரைந்து ஓடி, யார் யாருக்குக் கொடுத்தது என்றே படிக்க முடியவில்லை. இப்போது கம்பி வலைத் தட்டில் ஆறவைத்து, அடிப்பக்கம் தொட்டுப் பார்க்கிறேன். மேலே ஆறியிருந்தாலும் அடியில் கதகதப்பு நிற்கும். கப்கேக்குக்கு 1 மணி நேரமாவது, பெரிய கேக்குக்கு 2, 3 மணி நேரம். ஐசிங் வைத்த பிஸ்கட் என்றால் ராத்திரி முழுக்கத் திறந்தே கிடக்கட்டும். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால்தான் குட்டு வெளிப்படும்.

நமுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா என்ன? ஐசிங் இல்லாத பிஸ்கட் என்றால் 150 டிகிரி ஓவனில் 5 நிமிடம் வைத்து எடுத்தால் போதும். ஆறினதும் மொறுமொறுப்பு திரும்பும்.

* * *

நான் தபாலில் அனுப்புகிறவன், என் கதை தனி. நட்சத்திர பிஸ்கட் 24 அனுப்பினேன். ஊரிலிருக்கும் என் சொந்த அக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது நட்சத்திரத் தூள். "தயிரில் போட்டுச் சாப்பிட நன்றாக இருந்ததுடா தம்பி" என்றாள் பாவம். நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள்தான் முதலில் போகும். அதற்குப் பிறகு வட்டம், சதுரம் மட்டுமே, அதுவும் கொஞ்சம் தடிமனாக. இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்துச் சுற்றி, படுக்கவைக்காமல் நிறுத்தி அடுக்குகிறேன். இண்டு இடுக்கில் கசக்கிய பட்டர் பேப்பர். மூடியபின் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பேன். உள்ளே கடகடவென்றால் திரும்பப் பிரிக்கவேண்டியதுதான்.

* * *

பழுப்பு அட்டைப் பெட்டி எடுப்பாக இருக்கிறது என்று எல்லோரும் வாங்குகிறார்கள். வெண்ணெய் கசிந்தால் மறுநாளே வரைபடம் மாதிரி கறை படரும். உள்ளே பட்டர் பேப்பர் விரிக்காமல் நான் வைப்பதே இல்லை. செய்தித்தாள் கூடவே கூடாது, அச்சு மை ஒட்டும்.

இன்னொரு கூத்து. கூடவே ஒரு வாசனை மெழுகுவர்த்தி வைத்தால் அழகு என்று நினைத்தேன். வெண்ணெய் பக்கத்திலிருக்கும் வாசனையை அப்படியே இழுத்துக்கொள்ளும். மாமியார் ஒரு கடி கடித்துவிட்டு, "இதுல சோப்பு போட்டியாம்மா?" என்று நிஜமாகவே கேட்டார்.

* * *

நான் சொல்வது ஒன்றுதான். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பாதாம், முந்திரி போன்ற பருப்பு வகை ஒவ்வாமை. "இதுல பாதாம் இருக்கா?" என்று அவள் அம்மா கேட்டபோது எந்தத் தட்டில் பாதாம் மாவு சேர்த்தேன் என்று எனக்கே நினைவில்லை. அந்த டப்பாவை அங்கேயே திருப்பி வாங்கிக்கொண்டேன். இப்போது ரிப்பனில் தொங்கும் அட்டையின் பின்பக்கம் முட்டை, பால், கோதுமை, பருப்பு எது சேர்த்திருக்கிறதோ அதுவும், செய்த தேதியும் எழுதுகிறேன். அழகு குறைகிறது என்று கணவர் முணுமுணுத்தார். குறையட்டும்.

* * *

முதலில் புலம்பிய நான்தான். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. தனி டப்பா, ஆறவைப்பது, அட்டை என்று இந்த வருடம் எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டேன். ஆனால் ரிப்பனை மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கியிருக்கிறேன் போல. தோழியின் மகன் பல்லால் கடித்து இழுத்து, அப்புறம் கத்தி தேடி ஓடினான். மிச்சமிருக்கும் டப்பாக்களுக்கு ஒரு முனையை இழுத்தாலே அவிழ்கிற பூ முடிச்சுதான். இப்போது உட்கார்ந்து அதைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.