வாத்தியாரைக் கடைசியாகப் பார்த்தது எங்கே?

பால்வெட்டுக்காரர் மகன்:
குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம், 1998, பத்தாம் வகுப்பு. அப்பாவுக்கு முதுகு போய்விட்டதால் ரப்பர் மரங்களில் பால்வெட்டும் வேலை என் தலையில் விழுந்தது. விடியும் முன் பட்டையைச் சீவ வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். சிரட்டைகளை வடித்து, ஆசிட் ஊற்றி, ஷீட் அடிக்கும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும். ரப்பர் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் கணக்கு வாத்தியார் வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு அழைத்தார். பிரம்புக்காகக் கையை நீட்டினேன். அவர் என் வரிசையில் விரலை ஓட்டியபடி, "மக்களே, மழை பெய்த அன்றெல்லாம் வந்திருக்கிறாய். வெயிலடித்தால் வருவதில்லை. மற்ற பிள்ளைகள் இதற்கு நேர்மாறு அல்லவா?" என்றார். பட்டை நனைந்தால் வெட்ட முடியாது என்பதை நான் அவரிடம் சொன்னதில்லை. பதிவேட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் முதல் மாலை ஐந்தரைக்கு அவர் வீட்டுப் படிப்புரையில், அதாவது முன் திண்ணையில், எனக்கு மட்டும் கணக்கு. காசு வாங்கவில்லை. 71 மதிப்பெண்.

போன வருடம் மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி, கொட்டும் மழையில், குடையில்லாமல் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். நான் காரில். குழித்துறையில் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போய்விட்டேன். ரயில் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது.

கடற்கரைப் பெண்:
குளச்சல் பக்கம். 2004 டிசம்பர் 26 பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது டீச்சர் பெயர் வாசித்தார். கடல் கொண்டுபோன இரண்டு பேரின் பெயரையும் வாசித்தார். 'உள்ளேன்' சொல்வதற்கு எங்களுக்கு விடும் அதே இடைவெளியை விட்டு, அடுத்த பெயருக்குப் போனார். பிப்ரவரி முடியும்வரை தினமும் இப்படித்தான். அது ஆறுதலாக இருந்ததா, பயமாக இருந்ததா, இன்றும் சொல்லத் தெரியவில்லை.

வாத்தியார் வீட்டுப் பிள்ளை:
சகோதரி மன்னிக்கவும், அது கொடுமை. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அப்படிச் செய்யலாமா? 'அர்ப்பணிப்பு' என்றாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். என் அப்பாவும் அப்படிப்பட்டவர்தான். ஊர்ப் பிள்ளைகளுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டுவார். எங்கள் வீட்டு மளிகைக் கடன் மூன்று மாதம் நிற்கும். காசு வாங்காத அந்தப் படிப்புரை வகுப்புக்குக் கட்டன்சாயா போட்டது யார் என்று எவராவது கேட்டதுண்டா? அம்மாதான்.

கடற்கரைப் பெண்:
நீங்கள் அந்த வகுப்பில் இல்லை. அந்த இரண்டு பெயர்களையும் வாசிக்காமல் விட்ட முதல் நாளில்தான் நாங்கள் அழுதோம்.

தக்கலை அண்ணாச்சி:
நான் என் தமிழ் வாத்தியாரைப் போய்ப் பார்த்தேன். கண் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்து அடையாளம் கண்டார். அவ்வளவுதான் என் கதை.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பொன்னாடை வேண்டாம். அவருடைய அலமாரியில் பிரிக்காத பொன்னாடைகள் ஒரு கட்டு இருந்தன. குளிருக்கும் உதவாது, ஈரம் துவர்த்தவும் (துடைக்கவும்) உதவாது. ஒரு சீப்பு மட்டி வாழைப்பழம் போதும். நம் ஊர் மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, அதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்? அடுத்து, உயிரோடு இருப்பதை வருடா வருடம் காட்டும் ஓய்வூதிய நேர்காணல். கருவூலத்தில் வரிசையில் நிற்க விடாதீர்கள். தபால்காரரிடம் சொன்னால் வீட்டுக்கே வந்து கைரேகை எடுத்து வாழ்நாள் சான்றிதழைப் பதிந்து தருவார். ஓய்வூதியப் புத்தகம், ஆதார், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். விரல்ரேகை தேய்ந்திருந்தால் இயந்திரம் ஏற்காது. பதறாமல் வேறு விரலை வைத்துப் பார்க்கலாம். நாற்பது வருடம் சாக்பீஸ் பிடித்த விரல் அல்லவா. கண் பரிசோதனைக்கும் ஒருநாள் கூட்டிப் போங்கள். அதோடு, தம்பி, காரில் ஒரு குடை எப்போதும் இருக்கட்டும்.

பால்வெட்டுக்காரர் மகன்:
குடை அன்றும் காரில்தான் இருந்தது, அண்ணாச்சி.

ஞாயிறு ஊருக்கு வருகிறேன். அவருக்குச் சர்க்கரை இருந்தால் மட்டி கொடுக்கலாமா?