லினக்ஸில் வேத ஆராய்ச்சி மென்பொருள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உசிலை ஊழியன்

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் அப்டேட் நின்றுவிட்டது. என் பழைய லேப்டாப்பில் 11 ஏறாது என்று டவுன்ஹால் ரோட்டுக் கடையில் சொன்னார்கள். சரி என்று லினக்ஸ் மின்ட் போட்டு, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் வழியாக, இ-ஸ்வோர்டு என்ற வேதாகம மென்பொருளை ஏற்றினேன். கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமம், மூலமொழிச் சொல்லைத் தேட உதவும் ஸ்ட்ராங்ஸ் எண்கள் எல்லாம் நன்றாக ஓடின.

செக்கானூரணியில் ஒரு கல்யாண ஆராதனை. 1 கொரிந்தியர் 13-ஐத் திரையில் போட்டேன். தலைப்பிலேயே ‘கொ’ உடைந்து கிடந்தது. கொம்பு தனியாக, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம், அப்புறம் க, அப்புறம் கால். முன்வரிசையில் பெண்ணின் அப்பத்தா உட்கார்ந்திருந்தார். அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்தவர், எதைக் கண்டாலும் வாய்விட்டுக் கூட்டிப் படிப்பார். இரண்டு எழுத்தோடு நிறுத்திவிட்டு, "ஐயா, இது எந்த ஊரு எழுத்து?" என்று கேட்டார். சபை முழுக்க அமைதி. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. கையில் இருந்த வேதாகமத்தைத் திறந்து வாசித்து ஆராதனையை முடித்தேன். ஆனால் அவர் வாசிக்க வேண்டிய வசனம் அது.

வேறு யாருக்காவது தமிழ் இப்படி உடைந்ததா?

வைகைத் தென்கரை

உடைந்தது ஐயா. சோழவந்தானில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாத்தாள் எடுத்தபோது, ‘தேவன்’ என்பதில் கொம்பு ‘த’வுக்குப் பின்னால் போய் நின்றது. பிள்ளைகளும் அதைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார்கள்.

வைன், விண்டோஸை உள்ளே வைத்து ஓட்டுவதில்லை. மென்பொருள் கேட்பதை எல்லாம் தானே செய்து கொடுக்கிறது. எழுத்தைச் சேர்த்து வரையும் வேலையும் அதில் ஒன்று, அங்கேதான் தமிழ் சறுக்குகிறது. தனியாக ஒரு 32 பிட் பிரிஃபிக்ஸ், அதாவது வைன் தன் கோப்புகளை வைக்கும் கோப்புறை, உருவாக்கி, வைனுக்குத் துணைக் கோப்புகளைப் போட்டுத் தரும் வைன்ட்ரிக்ஸில் எழுத்தைக் காட்டும் விண்டோஸ் கோப்புகளான ரிச்எட்20, யுஎஸ்பி10 இரண்டையும் போடுங்கள். பிறகு ஒரு யூனிகோடு தமிழ் எழுத்துருவை அந்தப் பிரிஃபிக்ஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் வையுங்கள். எனக்கு அதோடு சரியானது.

மேலூர்த் தம்பி

இவ்வளவு பாடு எதற்கு? பைபிள்டைம், ஸிஃபோஸ் என்ற வேதாகம மென்பொருள்கள் இரண்டும் லினக்ஸிலேயே பிறந்தவை, இலவசமும்கூட. வைனை விட்டுவிடலாம். தென்கரை அண்ணன் சொல்கிற வேலையைக் கிராமத்துச் சபையில் யார் செய்வார்கள்?

வைகைத் தென்கரை

தம்பி, வாசிக்க மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஐயா எத்தனையோ வருஷமாக எழுதி வைத்த பிரசங்கக் குறிப்புகள் எங்கே இருக்கின்றன? அந்த மென்பொருளுக்குள். அதை விட்டுவிட்டு வா என்று ஒரு போதகரிடம் சொல்லக் கூடாது.

ஐயா, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்தக் குறிப்புக் கோப்புகள் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வகை. லினக்ஸில் டிபி பிரவுசர் என்ற மென்பொருள் கொண்டு திறக்கலாம். திறந்ததும் பதறாதீர்கள், உள்ளே தமிழே தெரியாது. ஆர்டிஎஃப் வடிவம் என்பதால் ஒவ்வொரு எழுத்துக்கும் எண் நிற்கும், ‘க’ இருக்க வேண்டிய இடத்தில் 2965. எதுவும் அழிந்துபோகவில்லை. ஒரு குறிப்பை முறையான ஆர்டிஎஃப் கோப்பாகச் சேமித்து லிப்ரெஆஃபிஸில் திறந்தால் தமிழ் வந்துவிடும். முதலில் நகல் எடுத்துவிட்டு நகலில் மட்டும் கை வையுங்கள். தி வேர்ட் என்ற இன்னொரு விண்டோஸ் மென்பொருளில் முழு வேதாகமமே வசனத்துக்கு ஒரு வரியாக 31,102 வரிகள் கொண்ட வெறும் எழுத்துக் கோப்பாக இருக்கும், எந்தக் கணினியிலும் திறக்கலாம். குறிப்புகளும் அப்படி வெளியே இருப்பதுதான் பத்திரம்.

குன்றத்து அடியார்

நான் சைவன். பழைய சிடி ஒன்றில் தேவாரத் தொகுப்பு, விண்டோஸுக்கு மட்டும். வைனில் ஒரு எழுத்துகூட உடையவில்லை, ஏனென்றால் அது யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துரு. கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்து, சேர்த்து வரைய ஒன்றுமில்லை. ஓதுவாருக்கு ஒரு பதிகத்தை வெட்டி அனுப்பினேன். ‘தமிழ்’ என்ற சொல் அவர் போனில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று போய் விழுந்தது. குருபூசைக்கு முந்தின இரவு. அவர் மனப்பாடமாகப் பாடினார், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. யூனிகோடு மாற்றி கொண்டு மாற்றி, ஒவ்வொரு வரியாக அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். மாற்றி சரியாகத்தான் செய்யும் என்று நம்பி விடாதீர்கள்.

காஜிமார் தெரு

மேலூர்த் தம்பி சொல்வது குர்ஆனுக்குப் பொருந்தும். ஸெக்ர் என்ற குர்ஆன் மென்பொருள் ஜாவாவில் எழுதியது, லினக்ஸில் நேராக ஓடும். அதற்கு முன்பு வைனில் ஒரு விண்டோஸ் மென்பொருளைத் திறந்து, என் தாத்தா நன்னாவிடம் காட்டினேன். எழுத்துக்கடியில் போடும் உயிர்க்குறியான ஜேர் ஒன்று பக்கத்து எழுத்துக்கடியில் போய் நின்றது. நன்னா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதை மூடு, இதிலே ஓதாதே" என்றார். மேலே போடும் ஜபர், கீழே போடும் ஜேர் இடம் மாறினால் பொருளே மாறிவிடும். அன்றிலிருந்து ஓதுவதற்கு முஸ்ஹஃப் என்ற குர்ஆன் புத்தகம், தேடுவதற்கு மட்டும் கணினி.

உசிலை ஊழியன்

எல்லாருக்கும் நன்றி. யுஎஸ்பி10 போட்டதும் ‘கொரிந்தியர்’ சேர்ந்து வந்துவிட்டது. தென்கரைத் தம்பி, குறிப்புக் கோப்பைத் திறந்தேன், 2965 கண்ணில் பட்டது, நிம்மதியாக இருந்தது. ஒவ்வொன்றாகச் சேமிக்காமல் மொத்தமாக வெளியே எடுக்க வழி உண்டா? இந்த வாரம் உசிலம்பட்டிப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.