மேலத்தெரு குடும்பம் 🥥 : குரங்கு எங்கல?

செல்வி அக்கா: ஏல பிரபு, பேனர்ல போட அந்தப் பழைய கம்ப்யூட்டர் கேம்ல வருத குரங்கு படம் கேட்டேனே, என்னாச்சி? வண்ணார்பேட்டை கடையில அஞ்சு மணிக்குள்ள குடுக்கணுமாம். நாளைக்கு பொறந்தநாளு

பிரபு: அதோடதான் மல்லுக்கட்டுதேன்க்கா. பழைய சிடி நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ள படம்னு ஒரு ஃபைலும் கெடையாது. எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி வச்சிருக்கானுவ

இசக்கி அத்தான்: கேம ஓட்டி ஸ்கிரீன்ஷாட் எடுத்தா சோலி முடிஞ்சுது. இதுக்குப் போயி

பிரபு: 16 பிட் புரோகிராம் அத்தான். 64 பிட் விண்டோஸ்ல ஓடாது. பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்குத டாஸ்பாக்ஸ்ல போட்டா மொத திரையோட நின்னுருது. ஓடுனாலும் குரங்கு பின்னால மரம் ஒட்டிக்கிட்டுல்லா வரும்

இசக்கி அத்தான்: டூம் கேம்ல இருந்து படம் எடுப்பாவளே, அந்த மாதிரி?

பிரபு: டூமுக்கு வழி தெரியும். 1993ல வந்தது. அதோட மூட்டைக்குப் பேரு வேட் ஃபைல். அதுல மொத 12 பைட் தலைப்பு. பைட்னா 0லருந்து 255 வரைக்கும் உள்ள ஒரு எண்ணு. எத்தனை உருப்படி, பட்டியல் எங்க கெடக்குன்னு அதுலயே இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் 16 பைட்ல இடம், அளவு, பேரு. 1997ல மூலநிரலையே வெளிய விட்டுட்டாவ. நம்ம குரங்குக்கு அப்படி எவன் எழுதி வச்சிருக்கான்? எண்ண வெறிச்சுப் பாத்து கண்டுபிடிக்கணும்

மயினி: சாப்பிட்டியா இல்லியா

பிரபு: இன்னும் இல்ல மயினி

பிரபு: மூட்டையப் பிரிச்சாச்சு!! மொத எண்ணு 212. அதுக்குப் பெறவு 212 எண்ணு, ஒண்ண விட ஒண்ணு பெருசா ஏறிக்கிட்டே போவுது. ஒவ்வொரு படமும் எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்லுத பட்டியல் அது. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் உள்ள வித்தியாசந்தான் படத்தோட அளவு

சித்தப்பா: சரி. குரங்கு எது?

பிரபு: 724 பைட்டுல ஒண்ணு கெடக்கு. ஆரம்பமே 22, 0, 30, 0. அகலம் 22, உயரம் 30ன்னு நெனைக்கேன்

சித்தப்பா: நடுவுல அந்த சைபர் எதுக்குடே?

பிரபு: ரெண்டு பைட் சேந்து ஒரு எண்ணு சித்தப்பா. சின்னது முன்னால, பெருசு பின்னால. ரெண்டாவத 256ஆல பெருக்கி மொதலாவதோட கூட்டணும்

சித்தப்பா: ஒண்ணாந்தானம் முன்னால வருதா! நாங்க அப்படி லெட்ஜர் எழுதியிருந்தா வேலைய விட்டே அனுப்பியிருப்பாவ

பிரபு: படத்துல ஒரு கட்டத்துக்கு ஒரு பைட்டுன்னா 22 பெருக்கல் 30, 660. ஆனா தலைப்பு 4 போவ 720 இருக்கு. மிச்சம் 60 என்னன்னு தெரியல. கடைசியில ஏதோ வால்னு வெட்டிட்டேன். இந்தா பாருங்க

📷 படம்

செல்வி அக்கா: இது குரங்கா? சாரல்ல நனைஞ்ச காக்கா மாதிரி இருக்கு

மயினி: சாம்பல் கலர்ல ஏன் இருக்கு

பிரபு: கலர் பெறவு வரும் மயினி. கோணலா இருக்கே, அதான் பிரச்சினை

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பார்வதி அத்தை: மருமவனே பெருசாக்கி பாத்தேன். அது கோணல் இல்ல. ஒவ்வொரு வரிக்கும் ரெண்டு கட்டம் வலப்பக்கம் தள்ளுது. வாலு அந்தப் பக்கம் போயி இந்தப் பக்கம் மொளச்சிருக்கு பாரு

பிரபு: ரெண்டா? எண்ணுனீங்களா அத்தே?

பார்வதி அத்தை: எண்ணாம? பத்தமடையில வந்து வாக்கப்பட்ட புதுசுல கல்யாணப் பாய்ல பொண்ணு மாப்பிள்ளை பேரு போட்டேன். பாவு நூலு ஒரு வரிக்கு ஒண்ணு தப்பி, எழுத்தெல்லாம் சரிஞ்சி ஓடிட்டு. மாமியா பிரிச்சி நெய்ய விட்டா. எம்புட்டு சாயுதோ அம்புட்டுதான் பெசகு

பிரபு: அத்தே!!! 30 வரி, வரிக்கு 2. 60!! நான் வெட்டுன வால் வாலே இல்ல. ஒவ்வொரு வரி கடைசியிலயும் ரெண்டு சும்மா பைட்டு

இசக்கி அத்தான்: சும்மா எதுக்கு வைக்கான்?

பிரபு: வரி நீளம் நாலால வகுபடணும்னு. 22 வகுபடாது, 24 வகுபடும். விண்டோஸ் பிஎம்பி படத்துலயும் இதே கததான். எனக்கு மொதல்லயே தோணியிருக்கணும், சவம்

📷 படம்

செல்வி அக்கா: ஏ குரங்குல!! 😂 நிமுந்து நிக்கி!

பிரபு: இப்ப கலர். சிடியில சரியா 768 பைட்டுல ஒரு ஃபைல் இருக்கு. 256 கலர், ஒவ்வொண்ணுக்கும் செவப்பு பச்சை நீலம் மூணு. படத்துல இருக்கது கலர் இல்ல, கலரோட நம்பர்தான்

📷 படம்

மயினி: கரண்ட் போன வீட்டுல எடுத்த மாதிரி இருக்கு

பிரபு: எந்த எண்ணும் 63ஐத் தாண்டல மயினி. அந்தக் காலத்துல திரைக்குப் படம் அனுப்புன விஜிஏ கார்டு ஒரு நெறத்துக்கு 6 பிட்டுதான், அதாவது 63 வரைக்குந்தான் வாங்கும். இப்ப 255 வரைக்கும். நாலால பெருக்குனா வெளிச்சம் வந்துரும்

📷 படம்

பிரபு: சுத்தி இருந்த கருப்பு 0ம் நம்பர் கலர். அத எடுத்துட்டேன்

பார்வதி அத்தை: இப்ப அழகா இருக்கான். வாலு எங்க இருக்கணுமோ அங்கன இருக்கு

செல்வி அக்கா: பேனர் நாலடில்லா, குட்டிப் படமா இருக்கே

பிரபு: ஒரு கட்டத்த 40க்கு 40ஆ ஆக்கி 880க்கு 1200ல அனுப்பியிருக்கேன். கடைக்காரர்ட்ட மழுக்காம அப்படியே பெருசாக்கச் சொல்லுங்க

இசக்கி அத்தான்: கடையில நிக்கேன். கட்டம் கட்டமா தெரியுதே, நல்ல படம் இல்லியா அண்ணாச்சின்னு கேக்காரு

செல்வி அக்கா: இதான் நல்ல படம்னு சொல்லுங்க