மறு: பொறிவாத்தியாரின் ‘விளங்கா முடிவு’

குழுவினருக்கு வணக்கம்.

> குடியாத்தம் அண்ணன் எழுதியது:
> கணினி ஏதோ செய்கிறது, நமக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ‘விளங்கா முடிவு’ என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவோம்.

அண்ணா, சொல் நன்றாகத்தான் இருக்கிறது. வாயில் வைத்ததும் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் நம் பக்கம் ஒருவனை ‘வெளங்காதவன்’ என்றால் அவனைப் புரியவில்லை என்றா பொருள்? உருப்படமாட்டான் என்று சபிக்கிறோம். காரணத்தைத் தேடும் முன்பே திட்டி முடித்துவிடுகிற சொல் அது. கலைச்சொல்லுக்கு இவ்வளவு கோபம் ஆகாது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: காட்பாடி தம்பி ஒரு பேஸ்பால் பாவனை விளையாட்டின் திரைச்சொற்களைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறான். ஓர் அணியை நாம் நடத்துவோம், எதிரணியைக் கணினி நடத்தும். எறிவாளரை எப்போது மாற்றுவது, யாரை முதலில் அடிக்க அனுப்புவது எல்லாம் அதன் பொறுப்பு. அது சில சமயம் எடுக்கிற விசித்திரமான முடிவுகளுக்குத்தான் இந்த இழையில் பெயர் தேடுகிறோம்.

நடத்துகிறவருக்கு என்ன பெயர் என்பதையும் யாரோ மறுபடி கிளப்பியிருந்தீர்கள். ‘மேலாளர்’ வேண்டாம்; வங்கியில் கடன் கொடுக்கிறவர் நினைவுக்கு வருகிறார். ‘ஆட்டுநர்’ என்றதும் ஆம்பூர் தம்பி பிரியாணிக்கடைப் படத்தை அனுப்பிவிட்டான். எனக்கு ‘வாத்தியார்’ பிடித்திருக்கிறது, பள்ளி வாத்தியார் இல்லை, கூத்து ஜமாவின் (குழுவின்) வாத்தியார்; ஜமாவை நடத்துகிறவரே வேஷமும் கட்டுவார். பேஸ்பாலில் அணியை நடத்துகிறவரும் வழக்கமாக ஆட்டக்காரர்களின் உடுப்பையே போட்டுக்கொண்டுதான் நிற்பார். 1950 வரை 50 ஆண்டுகள் ஒரே அணியை நடத்திய கானி மாக் கோட்டும் டையுமாக உட்கார்ந்தது விதிவிலக்கு. ‘கணினி வாத்தியார்’ என்றால் மேல்நிலைப் பள்ளியில் சி பிளஸ் பிளஸ் நடத்துகிறவர் ஆகிவிடுவார் என்பதால் ‘பொறிவாத்தியார்’ என்றே இந்த மடலில் எழுதுகிறேன். எலிப்பொறி ஞாபகம் வந்தாலும் தப்பில்லை.

இனி விஷயம். மூன்று நாளைக்கு முன் எனக்கு நடந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸ் (வழக்கமாக அதுதான் கடைசி; சமனானால் ஆட்டம் நீளும்), 4-4 என்று சமன், என் சொந்த மைதானம் என்பதால் கடைசியாக அடிப்பது நான். நான் ஒரு ரன் எடுத்தால் ஆட்டம் முடிந்தது. எதிரணியின் ஆகச்சிறந்த எறிவாளர் ஓரமாகக் கையைச் சூடேற்றிக்கொண்டு தயாராக இருக்கிறார். பொறிவாத்தியார் அவரைத் தொடவே இல்லை. ஒன்பது போயிற்று, பத்து போயிற்று. பதினொன்றில் யாரோ ஒரு நான்காந்தர ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினான். நான் ஜெயித்தேன். ஜெயித்தும் எரிச்சல்.

இதற்குக் காரணம் உண்டு. பேஸ்பாலில் ‘சேவ்’ என்று ஒரு கணக்கு 1969 முதல் அதிகாரபூர்வமாக இருக்கிறது. மூன்று ரன் அல்லது அதற்குக் குறைவான முன்னிலையோடு உள்ளே வந்து, குறைந்தது ஒரு இன்னிங்ஸ் எறிந்து, அந்த முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்தால் எறிவாளர் பெயரில் ஒரு சேவ் ஏறும். வேறு வகையிலும் ஏறும் என்றாலும் பெரும்பாலும் இதுதான். இந்தக் கணக்கு வந்தபின் அணிகள் தங்கள் சிறந்த ஆளை அதற்கென்றே ஒதுக்கிவைக்கப் பழகிவிட்டன. வெளியூரில் ஆட்டம் சமனாக இருந்தால் காக்க முன்னிலையே இல்லை. எனவே அவர் உட்கார்ந்தே இருப்பார். பாலாற்று மணலில் டென்னிஸ் பந்து ஆடுகிற பையன்களுக்கு இது தெரிந்த கதை. ‘அவனை லாஸ்ட் ஓவருக்கு வச்சிருக்கேன்’ என்பான் கேப்டன். ஆட்டம் அதற்கு ஒரு ஓவர் முன்னாலேயே முடிந்திருக்கும்.

மனிதர்கள் மட்டும் யோக்கியமா? 2016 அக்டோபர் 4, டொரான்டோவில் தோற்றால் வெளியே என்கிற ஆட்டம். பால்டிமோர் அணியை நடத்தியவர் பக் ஷோவால்டர். அவரிடம் இருந்த ஜாக் பிரிட்டன் அந்தப் பருவத்தில் கிடைத்த 47 வாய்ப்பிலும் 47 சேவ் எடுத்தவர். ஆட்டம் 2-2. பிரிட்டனை அவர் கடைசி வரை இறக்கவில்லை. பதினொன்றாவது இன்னிங்ஸில் அவருக்குப் பதில் வந்த உபால்டோ ஹிமெனஸ் எறிந்த பந்தை டொரான்டோவின் என்கார்னசியோன் மூன்று ரன்னுக்குத் தூக்கி அடித்தார், கதை முடிந்தது. என் பொறிவாத்தியார் செய்ததும் இதையேதான்.

இதே ஷோவால்டர் 1998 மே 28 அன்று அரிசோனா அணியோடு சான் பிரான்சிஸ்கோவில் இருந்தார். 8-6 முன்னிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள். அடிக்க வந்தது எதிரணியின் பயங்கர அடிகாரர் பாரி பாண்ட்ஸ். அவரை வேண்டுமென்றே நடக்கவிட்டு (அடிக்க முடியாதபடி பந்தைத் தள்ளி எறிந்து முதல் பேஸுக்கு இலவசமாக அனுப்புவது; மூன்று பேஸிலும் ஆள் இருந்தால் ஒருவர் தள்ளப்பட்டு ரன் ஆகிவிடுவார்), ஒரு ரன்னைக் கையில் எடுத்துக் கொடுத்தார். 8-7. அடுத்தவர் அடித்த பந்து நேராகக் கைக்குப் போயிற்று, அரிசோனா ஜெயித்தது. விளையாட்டில் பொறிவாத்தியார் இப்படிச் செய்திருந்தால் அரை மணி நேரத்தில் இந்தக் குழுவுக்கு வழு அறிக்கை வந்திருக்கும்.

அந்த ‘வழு’ தான் எனக்குப் பொறி தட்டிய இடம். மென்பொருள்காரர்கள் நிரலில் உள்ள பிழைக்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. எடுத்தது இலக்கணத்திலிருந்து. ஆனால் இலக்கணத்தில் அது தனியாக இல்லை. வழாநிலை (பிழையில்லாதது), வழு, வழுவமைதி என்று மூன்றும் சேர்ந்தே வரும். நாம் நடுவில் இருந்ததை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். வழுவமைதி என்றால், முறைப்படி பார்த்தால் தப்பு, ஆனால் ஒரு காரணம் இருப்பதால் தப்பில்லை என்று ஏற்றுக்கொண்டது. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது பாடப்புத்தக எடுத்துக்காட்டு. நம் ஊர் மாடு விடும் விழாவில் காளைக்காரர் ‘என் ராசா வந்துட்டான் பாரு’ என்று கத்துவதும் அதே. மகிழ்ச்சி மிகுதியில் அஃறிணை உயர்திணை ஆகிறது.

அம்மாவிடம் (முப்பது வருடம் தமிழாசிரியை) பேஸ்பால் என்றெல்லாம் சொல்லாமல் சுற்றி வளைத்துக் கேட்டேன். முள்ளுக் கத்திரிக்காய் அரிந்துகொண்டே, “காரணம் இருந்தா வழுவமைதி, இல்லாட்டி வழு. இதுக்கு ஏன்டி இவ்ளோ சுத்தற?” என்றார்.

ஆகவே என் கோரிக்கை: பார்க்கத் தப்பாகத் தெரிந்து, உள்ளே ஒரு விதியோ கணக்கோ இருந்து எடுக்கப்பட்ட முடிவு ‘வழுவமைதி’. உள்ளே ஒன்றுமே இல்லை, நிரல்தான் தடுமாறியது என்றால் ‘வழு’. இரண்டையும் பிரிக்க வழி இருக்கிறது. ஆட்டத்தை அந்த இடத்தில் சேமித்துவிட்டு, திரும்பத் திரும்ப அங்கிருந்தே ஓட்டிப் பாருங்கள். ஸ்கோரை ஒரு ரன் மாற்றுங்கள், இடக்கையரை வலக்கையராக்குங்கள், எறிவாளரின் களைப்பைக் குறையுங்கள். எதை மாற்றினால் முடிவும் மாறுகிறதோ அங்கேதான் காரணம் உட்கார்ந்திருக்கிறது. எதை மாற்றினாலும் சம்பந்தமில்லாமல் ஒன்றையே செய்தால் வழு என்று சந்தேகிக்கலாம். என் ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ரன் முன்னிலை கொடுத்துப் பார்த்தேன். உடனே அந்த நல்ல எறிவாளர் எழுந்து வந்துவிட்டார்!

ஒன்றில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். ஜெயித்தால் வழுவமைதி, தோற்றால் வழு என்று ஆக்கிவிடக் கூடாது. பாண்ட்ஸை நடக்கவிட்ட பிறகு அடுத்தவர் இரண்டடி தள்ளி அடித்திருந்தால் ஷோவால்டரை இன்றுவரை திட்டிக்கொண்டிருப்பார்கள். பாவனை விளையாட்டில் ஒவ்வொரு பந்தின் விளைவும் நிகழ்தகவில் ஓடுகிறது. ஒரு தடவை வந்த விளைவு முடிவுக்குச் சாட்சி ஆகாது.

மரபு வழுவமைதி (வழக்கத்தை மீறியும் ஏற்றுக்கொண்டது) என்று ஒரு வகைகூட இங்கே பொருந்துமோ என்று யோசித்தேன். 1920க்கு முந்தைய பருவம் ஒன்றை ஓட்டினால் பொறிவாத்தியார் நல்ல அடிகாரரையும் பந்தை மெல்லத் தட்டிவிடச் சொல்கிறான். அந்தக் காலத்து ஆட்டமே அப்படித்தான் என்பதால் அதை வழாநிலை என்றுதான் சொல்ல வேண்டும். வழுவாகத் தெரிவது நம் கண்ணுக்கு. 1987இல் வந்த ஏர்ல் வீவர் பேஸ்பால் விளையாட்டில் பால்டிமோர் அணியை முன்பு நடத்திய நிஜ வீவரிடமே கேட்டுத்தான் கணினியின் முடிவுகளை அமைத்தார்கள். அந்த மனிதருக்குத் தட்டிவிடுவது பிடிக்காது. கணினியின் பிடிவாதம் என்று நாம் நினைப்பதில் எவ்வளவு யாரோ ஒருவருடைய பிடிவாதமோ.

சத்துவாச்சாரியிலிருந்து,
உங்கள் தங்கை

---

> குடியாத்தம் அண்ணன்:

தங்கச்சி, மடல் நீளம், ஆனால் படிக்க வைத்துவிட்டாய். இரண்டு ஆட்சேபம். பத்தாம் வகுப்பில் ஒரு மதிப்பெண் கேள்வியாகப் பார்த்துப் பயந்த சொல்லை விளையாட்டில் போட்டால் பையன்கள் ஓடிவிடுவார்கள். இது சின்ன ஆட்சேபம்தான். பெரிது என்னவென்றால், கணினிக்காரன் ‘வழு’வையும் ‘அமைதி’யையும் பிரித்துத்தான் படிப்பான். சத்தமில்லாமல் கிடக்கிற பிழை என்று எடுத்துக்கொள்வான். அப்படியொரு பிழை நிஜமாகவே இருக்கிறது, அதைப் பிடிப்பதுதான் ஆகக் கஷ்டம். நேர் எதிர்ப்பொருள் ஆகிவிடுமேம்மா.

இன்னொன்று. ஆட்டம் நடக்கும்போது யார் சேமித்து வைத்துச் சோதிக்கப் போகிறார்கள்? அந்த நிமிடத்தில் வாயில் வருவது ‘வெளங்கிடும்’ தான். நீ சொல்கிற சாபம் இருக்கட்டும். ஆடுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு.

---

அண்ணா, ‘சத்தமில்லாத பிழை’ எனக்குத் தோன்றவே இல்லை. அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ‘வழுவமைவு’ என்று மாற்றிப் பார்த்தேன்; கைப்பேசியில் ‘அமைவு’ செட்டிங்ஸ் ஆகிவிட்டதால் அதுவும் போயிற்று.

இப்படிச் செய்யலாமா? திரையில் உங்கள் ‘விளங்கா முடிவு’ இருக்கட்டும். ஆடுகிறவர் அதைக் குறித்துவைக்க ஒரு பொத்தான், அவ்வளவுதான். சோதித்துப் பார்த்தவர்கள் எழுதும் உதவிப் பக்கத்தில் மட்டும் வழு, வழுவமைதி என்று இரண்டு பட்டியல். அங்கே பசுவின் எடுத்துக்காட்டை முதல் வரியிலேயே போட்டுவிடுகிறேன், பிரித்துப் படிக்க யாருக்கும் தோன்றாது. விளங்கிவிட்ட முடிவு திரைப் பட்டியலிலிருந்து தானாகக் கழன்றுவிடும்.

காட்பாடி தம்பி, உன் கோப்பில் பொறிவாத்தியாரை எல்லா இடத்திலும் ‘அவன்’ என்று எழுதியிருக்கிறாய். ‘அது’ என்று திருத்தத்தான் உட்கார்ந்தேன். திருத்தவில்லை, அப்படியே அனுப்பியிருக்கிறேன்.