வெயில் மேற்கே, புகை கிழக்கே: ஜார்க்கண்டுக்கு என்ன வழி?

தாமோதர்கரை:
ஜார்க்கண்டின் தன்பாத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். பக்கத்து ஜரியாவில் 1916 முதல் நிலத்தடியில் நிலக்கரி எரிந்துகொண்டே இருக்கிறது. வீட்டோரத்து வெடிப்புகளில் புகை எழும். விடியற்காலையில் ஆட்கள் கரி மூட்டைகளைச் சைக்கிளில் அடுக்கி, ஏறி மிதிக்க முடியாமல் மேட்டில் தள்ளிக்கொண்டு போவார்கள்.

இப்போது கரிக்கு மாற்றாக வரும் நாட்டின் பெரிய சூரிய மின்பூங்காக்களை எண்ணிப் பாருங்கள். ராஜஸ்தானில் பத்லா, 2,245 மெகாவாட். குஜராத்தின் கச்சில் காவ்டா. கர்நாடகத்தில் பாவகடா. நம் கமுதி. எல்லாம் மேற்கும் தெற்கும்தான். புகையைச் சுமந்த கிழக்குக்கு இது அநியாயம். 2010இல் கரி டன்னுக்கு 50 ரூபாய் என்று தூய ஆற்றல் செஸ், அதாவது கூடுதல் வரி, விதித்தார்கள். 2016இல் அது 400 ஆனது. மறு ஆண்டே, ஜிஎஸ்டியால் மாநிலங்களுக்கு ஏற்படும் வருவாய் இழப்பை ஈடுகட்டத் திருப்பிவிட்டார்கள். அந்தப் பணம் ஜரியாவுக்குப் போயிருக்க வேண்டும்.

ஆரல்வாய்க்காற்று:
அந்த செஸ்ஸைக் கட்டியது யார்? கரி வாங்கிய மின்நிலையம். கடைசியில் மின்கட்டணம் செலுத்திய நாம். ஜார்க்கண்ட் கரிக்கு 14 சதவீதம் ராயல்டி, அதாவது கனிமம் எடுப்பதற்கான உரிமைத்தொகை, வாங்குகிறது. 2015 முதல், சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் தனியாகப் பணம் சேர்கிறது. வெயிலுக்கு ராஜஸ்தான் யாரிடம் ராயல்டி கேட்கும்? குடிதண்ணீருக்குப் பெண்கள் காத தூரம் நடந்த நாடு அது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கும் காற்றை மூட்டை கட்டித் தன்பாத்துக்கு அனுப்பவும் முடியாது. இயற்கை கொடுத்ததை அநியாயம் என்று சொல்லாதீர்கள்.

தாமோதர்கரை:
காற்றைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. செஸ்ஸைக் கட்டியது நாம் என்பதும் சரி. ஆனால் வெயில் ஜார்க்கண்டிலும் காய்கிறது. அங்கே இல்லாதது ஒரே இடத்தில் பல ஆயிரம் ஏக்கர் தரிசு நிலம்.

இன்னொன்றும் உண்டு. 1950களில் தொடங்கி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், சரக்குக் கட்டணத்தைச் சமப்படுத்துவது என்ற பெயரில் உருக்கை நாடெங்கும் ஒரே விலைக்குக் கொடுத்தார்கள். சுரங்கத்துக்கு அருகே ஆலை வைக்கும் காரணமே இல்லாமல் போனது. 2025 ஜூன் இறுதிக்குள் இயங்கத் தொடங்கிய சூரிய, காற்றாலைத் திட்டங்களுக்கு மாநிலங்களுக்கு இடையிலான மின்கடத்தல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ததும் அதே வேலையைத்தான் செய்தது. பயன்படும் இடத்துக்கு அருகில் உற்பத்தி செய்தால் கிடைக்கும் ஆதாயம் கரைந்துவிட்டது. இதை இயற்கையா செய்தது?

ஆரல்வாய்க்காற்று:
அந்தத் தள்ளுபடியால் மலிவான மின்சாரம் பீகாருக்கும் ஜார்க்கண்டுக்கும்கூடக் கிடைக்குமே! அங்கே விளக்கு எரிவது உங்களுக்கு ஒரு பொருட்டில்லையா?

தாமோதர்கரை:
விளக்கு எரியட்டும், நானும் அதைத்தான் விரும்புகிறேன். சுரங்கம் மூடிய பிறகு அந்த விளக்குக்குக் கட்டணம் செலுத்த அவர்கள் கையில் வருமானம் வேண்டாமா?

செம்மண்காரி:
பாவகடாவுக்கு வேலையாகப் பலமுறை போய்வந்தவள் நான். இரண்டு பேருமே சூரியப் பலகை வந்தால் ஊர் செழிக்கும் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அங்கே ஏறத்தாழ 13,000 ஏக்கரை விவசாயிகளிடம் வாங்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. வறட்சியில் கடன்பட்டவர்களுக்கு அது பெரிய ஆறுதல். நிலமே இல்லாமல் களையெடுத்துப் பிழைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? கட்டுமானம் முடிந்தபின் பலகை துடைப்பது, புல் வெட்டுவது, காவல் காப்பது, அவ்வளவுதான். ஜார்க்கண்டில் பலகை நட்டாலும் அந்தச் சைக்கிள்காரருக்கு என்ன வேலை கொடுப்பீர்கள்?

ஆரல்வாய்க்காற்று:
இது நியாயமான கேள்வி. குத்தகை முறையை அங்கே அப்படியே கொண்டுபோகவும் முடியாது. 1908ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் பழங்குடியினர் நிலத்தை மற்றவர்களுக்கு விற்பதை மட்டுமல்ல, நீண்ட காலக் குத்தகைக்கு விடுவதையும் கட்டுப்படுத்துகிறது. அந்தச் சட்டத்தில் கைவைக்கச் சொல்லவும் மாட்டேன்.

தாமோதர்கரை:
கைவைக்கவே வேண்டாம். கரிக்காக 1957ஆம் ஆண்டின் கரிநிலக் கையகப்படுத்தல் சட்டத்தின்கீழ் அரசு எடுத்த நிலம் இருக்கிறதே! தோண்டி முடித்த நிலத்தில் பலகை நடட்டும். வருமானத்தில் ஒரு பங்கு, நிலம் இழந்த குடும்பங்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். குழியை நிரப்பி மண் மூடி மரம் வளர்க்கும் வேலை பல ஆண்டுகளுக்கு நீளும். அந்தக் கூலி முதலில் சைக்கிள் தள்ளியவருக்குப் போகட்டும்.

செம்மண்காரி:
ஜரியாவில் அடியில் தீ எரிகிறது, நிலம் உள்வாங்குகிறது. அதன்மேல் எதை நடுவீர்கள்?

தாமோதர்கரை:
ஜரியாவில் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே முதலில் மக்களைப் பத்திரமான இடத்தில் குடியமர்த்த வேண்டும். ஆனால் எல்லாச் சுரங்கமும் எரியவில்லை.